முதலில் ஆள், பிறகு சாமான்

மாட்டு வண்டியில் சாமான் அடுக்கும் விஷயத்தில் மனித குலம் ஐயாயிரம் வருஷமாகத் தவறு செய்துவந்தது. அந்தத் தவறு வெகுதானிய வருஷம் ஆடி மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அம்பத்தூரில் திருத்தப்பட்டது. திருத்தியவன் நான். அப்போது எனக்கு வயது பதினெட்டு. இன்டர்மீடியட்டில் முதல் வருஷத்தை முடித்திருந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரித்திரக்காரர்கள் தேதியைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போவார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினால் பொழுது சாயப் போய்ச் சேரலாம். போன இடத்தில் வண்டிதான் வீடு. ஆற்றங்கரையில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டால் கூண்டுக்குள் பெண்கள், வண்டிக்கு அடியில் ஆண்கள், சக்கரத்துக்குப் பக்கத்தில் அடுப்பு. ஞாயிறு காலையில் பொங்கல் வைப்பார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் உடம்பு முழுக்க வேப்பிலையைக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். திங்கட்கிழமை திரும்புவார்கள். ஆக, மூன்று நாள் குடித்தனம் முழுவதும் ஒரு கூண்டு வண்டிக்குள் ஏறியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் அதை ஏற்றுகிற பொறுப்பு அத்தையுடையது. நைனாவின் அக்கா, பெயர் வேம்புலியம்மாள். கல்யாணமாகி நாலாம் வருஷமே புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். ஒரு மழைக்காலத்தில் வரப்பிலிருந்து சறுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போய்விட்டது. நடப்பாள், நிற்பாள், மடக்கி உட்கார மட்டும் முடியாது. எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் கால் முன்னால் நீண்டிருக்கும். சின்ன வயதில் நானும் என் தங்கை நாகவல்லியும் அதைத் தாண்டித் தாண்டி விளையாடியிருக்கிறோம்.

அத்தை வண்டியில் சாமான் ஏற்றும் முறை பின்வருமாறு. முதலில் காலி வண்டியில் எல்லாரையும் ஏறச் சொல்வாள். எல்லாரும் ஏறிச் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். பிறகு அவள் கீழே நின்றுகொண்டு, எங்களைச் சுற்றிச் சாமானைச் செருகுவாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பாய். நாகவல்லியின் கால்களுக்கு நடுவே அரிசி மூட்டை. என் அக்குளில் லாந்தர். "மூச்சு உடுடா பாக்கலாம்" என்பாள். விட்டால் வயிற்றுக்கும் தொடைக்கும் இடையில் ஒரு செம்பு வந்து உட்காரும். கடைசியில் அவள் ஏறி, காலை நீட்டிக்கொள்வாள். அரை நாழிகையில் வேலை முடிந்துவிடும்.

இதை நான் காலேஜ் மலரில் கிண்டல் செய்து எழுதினேன். மனிதனைப் பஞ்சு மாதிரி வைத்துப் பாத்திரம் உடையாமல் அனுப்பும் ஒரு கிராமிய முறையைப் பற்றிய ஆராய்ச்சி என்று எழுதினேன். காலேஜில் மூன்று பேர் சிரித்தார்கள். வீட்டில் அத்தை அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அந்தச் செம்பு வெக்கிற எடத்த இன்னோரு தபா படிடா" என்றாள்.

அந்த வருஷத்துப் பயணத்தில் ஒரு விசேஷம் இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதில் பெரியம்மை போட்டு, பதினெட்டு நாள் வேப்பிலையில் கிடந்தேன். பிழைக்கமாட்டேன் என்று ஊரே முடிவு செய்திருந்தது. பிழைத்தால் ஏழு ஆடி வேப்பிலை கட்டித் தன் காலால் கோயிலைச் சுற்றி வருவதாக அத்தை வேண்டிக்கொண்டாள். என் உயிர் சம்பந்தப்பட்ட ஒப்பந்தம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு ஆடி முடிந்துவிட்டது. இது ஏழாவது. அவள் அந்த ஆனி மாதம் முழுவதும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தாள். "இந்தத் தபாவோட அம்மாளுக்கும் எனக்கும் செரியாப் பூடும்" என்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் என் படத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வண்டியின் உட்புறத்தை அங்குலக் கணக்கில் அளந்து, கட்டம் போட்ட தாளில் மேலிருந்து பார்ப்பது போல் வரைந்த படம். மூன்று நாள் வேலை.

"இன்னாடா இது, கொல்லமேட்டு நெலப் படமா?" என்றார் நைனா.

"வண்டி, நைனா."

"மாட்டக் காணோமே."

"மாடு வெளியில கீது. இது உள்பக்கம்."

அம்மா எட்டிப் பார்த்தாள். "இந்தப் பெரிய வட்டம் இன்னா?"

"அண்டா."

"இந்தச் சின்ன வட்டம்?"

"நீ."

நாகவல்லி தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் எங்க? இதுவா? ஐயே, சேவலு என்னெவிடப் பெருசா கீதே!"

"அது உயிரோட போய்ச் சேரணும்" என்றேன்.

என் முறையின் தத்துவம் எளிமையானது. முதலில் சாமான், பிறகு ஆள். சாமானின் அளவு மாறாது; மனிதன்தான் எப்படி வேண்டுமானாலும் மடங்குவான். அண்டாவுக்குள் அரிசி, அரிசிக்குள் புளிப்பானை, பக்கத்தில் விறகு, விறகின் மேல் பாய்ச்சுருள், கூண்டின் மூங்கிலில் லாந்தரும் எண்ணெய்ப் புட்டியும். ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும். எல்லாவற்றையும் ஒரே கயிறு பிணைக்கும். ஆளுக்குப் பதினெட்டு அங்குலச் சதுரம். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டு எடுத்த அளவு. இந்தச் சிக்கனத்தில் மிச்சமான இடத்தில் என் டிரங்குப் பெட்டியைப் போட்டிருந்தேன். பெட்டிக்குள் நான்கு புத்தகம், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, இரண்டு சட்டை.

அத்தை தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். "நல்லா கீதுடா. கோலம் மாரி கீது. நான் எங்க கீறேன்?"

"நாலாம் நம்பர், அத்தே. பின்னாடி ஓரம். காத்து வரும்."

அவள் தன் விரலை அந்தச் சதுரத்தின் மேல் வைத்தாள். சதுரம் மறைந்துவிட்டது.

"அத்தே காலு?" என்றாள் நாகவல்லி.

நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "கொஞ்சம் மடக்கிக்கலாம். ஒரு நாளுதானே" என்றேன்.

"மடக்கிக்கிறேன்" என்றாள் அத்தை. "ஒரு நாளுதான?"

அந்தக் கால் மடங்காது என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். படம் வரையும்போது அதையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டரை அடி நீளத்துக்கு ஒரு கோடு, படத்தின் நடுவில் போயிற்று. டிரங்குப் பெட்டி வெளியே வந்தது. விறகு இடம் மாறியது. கட்டங்கள் எல்லாம் கோணலாகிவிட்டன. ரப்பரால் அழித்துவிட்டேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். நைனா முன்னால் ஓட்டினார். அம்மாவும் நாகவல்லியும் நடுவில், பின்னால் பார்த்தபடி நானும் அத்தையும். அவள் இடது காலை மடக்கி, வலது காலைக் கையால் பிடித்து இழுத்து எப்படியோ பெட்டிக்கும் பலகைக்கும் நடுவே சொருகி வைத்திருந்தாள். மடங்காத முழங்கால் பாதி வளைந்து மேலே துருத்தி நின்றது. திருமுல்லைவாயில் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை. பாட்டும் இல்லை. முந்தைய வருஷங்களிலெல்லாம் வழி நெடுக அவள் வாய் ஓய்ந்ததில்லை.

ஆவடி வந்ததும், "தம்பி, கொஞ்சம் நிறுத்து" என்றாள் நைனாவிடம். "காலு மரத்துப்போச்சு. நாலு எட்டு நடந்துகினு வரேன்."

இறங்கிக் கொஞ்ச நேரம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நைனா திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பெட்டிய எடுத்துக் கீழ வலையில போட்டுடலாமாடா?"

வண்டிக்கு அடியில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவைக்கும் கயிற்று வலை ஒன்று இருந்தது. போட்டிருக்கலாம்தான்.

"பெட்டிய உருவினா விறகு சரியும். விறகு சரிஞ்சா எல்லாமே சரியும்" என்றேன். "அப்புறம் முழுசும் அவுத்துக் கட்டணும், நைனா. திருநின்றவூர்ல நிறுத்தும்போது பாத்துக்கலாம்."

"வாணாம் வாணாம்" என்றாள் அத்தை. "புள்ள மூணு நாளு ஒக்காந்து போட்டுகீறான். நீ ஓட்டு. எனக்கு நடக்கறதுதான் சொகமா கீது."

வண்டி நகர்ந்தது. அத்தை வண்டியின் பின் பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அவள் இறங்கிப்போன இடத்தில் நான் காலை நீட்டிக்கொண்டேன். அவள் முகம் என் முகத்துக்கு நேராக, மூன்று முழத்தில் இருந்தது. ஆவடியிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். பார்த்துக்கொண்டு மட்டும் வரவில்லை, பேசிக்கொண்டும் வந்தேன்.

"பாத்தியா, அத்தே? பட்டாபிராம் பள்ளத்துல எறங்கி ஏறிச்சே, ஒண்ணாவது அசைஞ்சிதா?"

"அசையலடா. ஆணி அடிச்சா மாரி கீது."

"உன் பாணியில வெச்சிருந்தா இந்நேரம் அண்டா அம்மா மடியில இருந்திருக்கும்."

"ஆமாமா" என்றாள். மூச்சு வாங்கியது. வெயில் ஏறிவிட்டிருந்தது. நெற்றி வியர்வை புருவத்தில் நின்று வழிந்தது. ஒரு கை பலகையிலும் இன்னொரு கை தொடையிலுமாக இருந்ததால் அவள் அதைத் துடைக்கவில்லை. நான் அடுத்த வருஷம் செய்யப்போகிற திருத்தங்களைப் பற்றிச் சொன்னேன். சேவலைக் கூண்டின் மேல் கட்டினால் இன்னும் ஒரு சதுர அடி மிஞ்சும் என்று சொன்னேன்.

"மிஞ்சுற எடத்துல இன்னாத்த வெப்பே?" என்று கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

திருநின்றவூர் ஏரிக்கரையில் பலகை லேசாக இழுபட்டது. அப்புறம் அவள் கை பலகையில் இல்லை. அத்தை சாலையில் உட்கார்ந்திருந்தாள். விழவில்லை, உட்கார்ந்ததாகத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா இறங்கி ஓடிப் புடவையை விலக்கிப் பார்த்தாள். முழங்கால் இருந்த இடத்தில் ஒரு சின்னச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல் வீங்கியிருந்தது. தொட்டால் கொதித்தது.

நைனா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அரிவாளை எடுத்து என் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினார். விறகு சரிந்தது. பாய்ச்சுருள் சரிந்தது. நான் சொன்ன வரிசையில்தான் எல்லாம் சரிந்தது. அண்டா உருண்டு சாலையோரத்தில் போய் நின்றது. டிரங்குப் பெட்டியை அவரே தூக்கிக் கீழே வைத்தார். ஐந்து நிமிஷத்தில் வண்டி காலியாகிவிட்டது.

"வா அக்கா, ஏறு. படுத்துக்கினு வா" என்றார்.

அத்தையை நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தினோம். அந்தக் காலை அவளால் ஒரு அங்குலம் தூக்க முடியவில்லை. இடது காலை ஊன்றிப் பலகையைப் பிடித்து ஏறப் பார்த்தாள். நைனா தூக்கிவிட்டார். வலது கால் பலகையில் இடித்ததும் ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தை அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. மாடுகள் மிரண்டு இரண்டு அடி முன்னால் போய்விட்டன.

"இறக்கி உடு, தம்பி" என்றாள். "ஏறிப் போய்தான் இன்னா பண்றது? சுத்தி வர்றதுக்குக் காலு வோணுமே."

பக்கத்துத் தெருவில் அம்மாவுக்கு ஒரு ஒன்றுவிட்ட அக்கா இருந்தாள், கெங்கம்மாள். கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். நாங்களும் அங்கேயே தங்கிவிடுவதாக நைனா சொன்னார். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பொங்கல் வைக்காமல் பாதி வழியில் வண்டி திரும்பக் கூடாது என்றாள். "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே கீறேன். எங்க ஓடிடப் போறேன்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கெங்கம்மாள் சிரிக்கவில்லை, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு வேடிக்கையாக மட்டுமே பேசத் தெரிந்திருந்தது.

"அந்தப் பொட்டிய ஜாக்கிரதையா வெய்யிடா" என்றாள். "கண்ணாடி கீதுன்னியே."

பெரியபாளையத்தில் ஆற்றங்கரை முழுக்க வண்டிகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எந்த வண்டியிலும் எந்த ஒழுங்கும் இல்லை. மூட்டைகளுக்கு நடுவில் கிழவர்கள் படுத்திருந்தார்கள். ஒரு பிள்ளைத்தாய்ச்சி தலையணை மாதிரி அரிசி மூட்டையில் சாய்ந்திருந்தாள். ஞாயிறு காலையில் அம்மா பொங்கல் வைத்தாள். அத்தைக்கென்று வழக்கமாக வாங்கும் வேப்பங்கொத்துகளைப் பழக்கத்தில் நைனா வாங்கிவிட்டார். யார் கட்டிக்கொள்வது? நானே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நாகவல்லி என்னைப் பார்த்த பார்வையில் அதுவும் நின்றுவிட்டது. கொத்துகளை மாட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம், மாடு தின்னவில்லை.

திங்கட்கிழமை அத்தையை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். கட்டிலோடு தூக்கி, பலகை மட்டத்துக்குக் கொண்டுபோய், பாயோடு உள்ளே இழுத்தோம். அவள் நீளவாட்டில் படுத்திருந்தாள். அவளைச் சுற்றி அம்மாவும் நாகவல்லியும் உட்கார்ந்துகொண்டு, கையில் அகப்பட்டதை அகப்பட்ட இடத்தில் வைத்தார்கள். அண்டா, விறகு, பாய், லாந்தர், டிரங்குப் பெட்டி எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ஒரு ஆள் படுத்துக்கொண்டு, இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, அதற்குமேல் எனக்கும் இடம் இருந்தது. என் கணக்குப்படி அது நடக்கவே முடியாத காரியம். நான் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தேன்.

"ஏறேண்டா" என்று அத்தை இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"நடக்கறதுதான் சொகமா கீது, அத்தே" என்றேன்.

அதற்குமேல் அவள் கூப்பிடவில்லை.

வீக்கம் ஒரு மாதத்தில் வடிந்தது. ஆனால் கால் திரும்ப வரவில்லை. எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குப் போய் மூன்று கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பூந்தமல்லியிலிருந்து ஒரு வைத்தியர் வந்து தைலம் கொடுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போய் வர முடிந்தது; அவ்வளவுதான். ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு நாள், ஏழாவது சுற்றை அவளுக்குப் பதிலாக நான் சுற்றுகிறேன் என்று சொன்னேன். மூன்று மாதம் ஒத்திகை பார்த்துச் சொன்ன வாக்கியம் அது.

அத்தை முறம் வைத்துக் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். "நீ வேப்பெல கட்டிக்கினு போனா வழியில ஆடு மேஞ்சிட்டுப் பூடும்" என்றாள்.

"இல்ல அத்தே, நெசமாத்தான்."

"நெசமாத்தான்னு தெரியும்." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "என் காலால சுத்தறேன்னு சொன்னேன். உன் காலாலன்னு சொல்லல. ஆறு சுத்துனேன், ஆறோட நின்னுது. அம்மாளுக்குக் கண்ணு கீது. உடு."

எனக்குக் கோபத்துக்குத் தயாராக ஒரு பதில் இருந்தது. அழுகைக்கும் ஒன்று இருந்தது. விடு என்றதும் சிந்தியிருந்த கேழ்வரகைப் பொறுக்கி முறத்தில் போட்டேன்.

அடுத்த ஆடி வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே சாமான் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. அத்தையின் கட்டிலையும் வாசலுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தோம். அவள் காலை நீட்டி உட்கார்ந்து, அம்மா எதை எடுத்தாள் எதை மறந்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிளம்புவது காலையில்தான். ஆனால் என்னென்ன கொள்ளும் என்பதை முதல் நாளே ஏற்றிப் பார்த்துவிடுவது எங்கள் வழக்கம்.

நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து நின்றார். அம்மா நின்றாள். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.

"படம் எங்க?" என்றாள் நாகவல்லி.

"இல்ல."

"அப்ப இன்னாத்த மொதல்ல ஏத்தறது?"

"நீ ஏறு" என்றேன்.

"சாமானு?"

"ஏறுன்னா ஏறேன். அம்மா, நீயும் ஏறு. நல்லா சாஞ்சி ஒக்காரு."

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா மாட்டைப் பார்த்தார். அம்மாவும் நாகவல்லியும் ஏறினார்கள். அம்மா வழக்கம்போல் இடது பக்கக் கூண்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். நாகவல்லி அவளுக்கு எதிரே, முன்னால் தள்ளி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்தேன். பாயை அம்மாவின் முதுகுக்குப் பின்னால். அரிசி மூட்டையை நாகவல்லியின் கால்களுக்கு நடுவே. விறகுக் கட்டைப் பிரித்து, கிடைத்த சந்தில் எல்லாம் இரண்டு இரண்டாக. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். ஒரு வேளை சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நாகவல்லி இடுப்பாண்ட இன்னும் எடம் கீது பாரு" என்றாள் அத்தை கட்டிலிலிருந்து. "செம்ப வெய்யி."

வைத்தேன்.

"அண்டாவ இம்மாம் ஓரத்துல வெச்சா இடிக்கும். உள்ள தள்ளு. ஆங்."

தள்ளினேன். கையில் பொங்கல் பானை மட்டும் மிச்சம். உள்ளே பார்த்தேன். பின்பக்கம், பலகையோரமாக, இரண்டரை அடிக்கு ஒரு இடம் காலியாக இருந்தது. நான் வேண்டுமென்று விட்டதல்ல. அம்மாவும் நாகவல்லியும் எப்போதும் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்கள். அந்த இடம் தானாக நின்றுவிட்டது. அம்மாவும் அதை அப்போதுதான் பார்த்தாள் போலிருக்கிறது. தலையைக் குனிந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

நான் பானையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாடா நின்னுகினு கீறே?" என்றாள் அத்தை. "அதான் அங்க காலியா கீதே. வெய்யி."

"மடியில வெச்சிக்கட்டுமே, அத்தே."

"இருவது கல்லு தூரம் யாரு மடியில வெச்சிக்கினு வர்றது? அங்கயே வெய்யிடா. நான் வரப்போறனா இன்னா?"

பானையை அங்கே வைத்தேன். மண்பானை, அடி உருண்டை, கையை எடுத்ததும் லேசாகச் சாய்ந்தது.

"ஆடுதா?" என்றாள்.

"ஆடுது."

"வைக்கோலு வெய்யி. சுத்தி வெய்யி. அவசரப்படாத."

ஒரு பிடி வைக்கோலை முறுக்கிப் பானைக்கு அடியில் வைத்தேன். இன்னொரு பிடியைப் பலகைக்கும் பானைக்கும் நடுவில் செருகினேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு பிடி எடுத்தேன்.